பொம்மையைக் கொடுங்கள், பிள்ளையை மேடையேற்றாதீர்கள்

தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரமும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரண்டு வாரமும் தமிழ்நாட்டின் எந்த மாவட்டத் தலைநகருக்குப் போனாலும் ஒரு கல்யாண மண்டபமாவது 'குழந்தைகளுக்காக' என்று பதிவாகியிருக்கும். அரியலூரும் பெரம்பலூரும் இதில் விலக்கல்ல. வாசலில் பிளக்ஸ், அதில் வட்டம் வட்டமாகப் புரவலர்களின் முகங்கள். உள்ளே ஆர்கெஸ்ட்ரா. ஆதரவற்ற பிள்ளைகளுக்குப் பொம்மையும் புத்தாடையும் வழங்கி, அதே மேடையில் நிதியும் திரட்டும் விழா. பிள்ளைகளை மாலை நாலு மணிக்கே வேனில் ஏற்றிவந்து முன்வரிசை ஜமுக்காளத்தில் உட்காரவைத்துவிடுகிறார்கள். சிறப்பு விருந்தினர் ஆறரைக்கு வருகிறார். அப்புறம் பொன்னாடைகள். ஒருவர் பாக்கியில்லாமல் பேசி முடித்து, கதவு அகலத்துக்கு அட்டையில் செய்த காசோலையைப் பிடித்துப் படமெடுத்த பிறகு, பெயர் கூப்பிடக் கூப்பிடப் பிள்ளைகள் மேடைக்கு வருகிறார்கள்.

இதைக் குறை சொன்னால் கிடைக்கும் பதில் எனக்கு மனப்பாடம். "கொடுக்கிறவனைக் கெடுக்காதே. அந்தக் குழந்தை முகத்தில் ஒரு நாளாவது சிரிப்பு வந்ததா இல்லையா? நீ என்ன கொடுத்தாய்?" இந்த மூன்று வாக்கியத்தில் பெரும்பாலான வாய்கள் அடைத்துவிடுகின்றன. நல்ல மனசோடு செய்கிற காரியத்தில் நோண்டுவதற்கு ஒன்றும் இல்லை என்பதுதான் நம்மிடையே இன்று ஏறக்குறைய ஒருமனதான கருத்து. அதைத்தான் மறுக்கிறேன். கொடுப்பவரின் மனசைப் பற்றி எனக்குக் கேள்வியே இல்லை. அவர்களில் பலரை அறிவேன், நல்லவர்கள். கேள்வி அந்த மேடையைப் பற்றியது. பொம்மைக்கு விலையாக அந்த இடத்தில் பிள்ளையிடமிருந்து ஒன்றை வாங்கிக்கொள்கிறோம்: அதன் முகத்தை. அப்படி வாங்குவதற்கு நமக்கு உரிமை கிடையாது. அதோடு, பிள்ளைக்குரியதாகச் சட்டமே ஒப்புக்கொண்ட ஒன்றை, ஏதோ நம் தயவு போலக் காட்டுகிறோம்.

அரியலூருக்குப் பக்கத்திலேயே கல்லங்குறிச்சி. கலியுக வரதராஜப் பெருமாள் கோயில் இந்த வட்டாரத்து விவசாயிகளின் கோயில். கருவறையில் சிலை கிடையாது, உயர்ந்த கல்தூண்தான் மூலவர். கம்பத்துப் பெருமாள் என்றே சொல்வார்கள். மாட்டைத் தொலைத்துத் தேடிப்போன ஒரு குடியானவனுக்கு அந்தத் தூணின் பக்கத்தில் மாடு கிடைத்தது என்பது தலபுராணம். ராமநவமியை ஒட்டிய பெருவிழாவின்போதும் புரட்டாசிச் சனிக்கிழமைகளிலும் அங்கே போய் நின்று பாருங்கள். விளைந்ததில் முதல் பங்கைத் தலையில் சுமந்து வருவார்கள். நெல், கம்பு, சோளம், எள், மிளகாய், எது விளைந்ததோ அது. கன்றுக்குட்டியை ஓட்டிவந்து விட்டுப்போகிறவர்களும் உண்டு. தானியத்தைக் குவியலில் கொட்டுகிறார்கள், கும்பிடுகிறார்கள், போகிறார்கள். கொட்டிய மறுநிமிடம் ஒருவருடைய நெல் எது, அடுத்தவருடையது எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

"அது வேண்டுதல். தர்மத்தோடு அதை எப்படி ஒப்பிடுவாய்?" என்று கேட்பீர்கள். சரியான கேள்விதான். பெருமாளுக்குக் கொடுப்பவர் பெருமாளிடம் ஏதோ எதிர்பார்க்கிறார், மறுக்கவில்லை. ஆனால் கொடுக்கும் முறையைக் கவனியுங்கள். கொடுப்பவர் ஒரு பொது இடத்தில் கொடுக்கிறார். பெறுபவர் எவரும் எதிரே நிற்பதில்லை. இந்த மண்ணில் கொடுக்கத் தெரியாதவர்கள் யாரும் இல்லை, அதைக் கற்றுத்தர ஆர்கெஸ்ட்ரா தேவையில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். மேடை வைத்தால்தான் ஜனங்கள் கொடுப்பார்கள் என்கிற வாதம் குறைந்தபட்சம் கல்லங்குறிச்சியில் எடுபடாது.

மேடையில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். அப்படிப்பட்ட ஒரு விழாவில் கூட்டத்தோடு நானும் உட்கார்ந்திருந்தேன். எட்டு வயது இருக்கும் ஒரு பையன். அவனுக்கு ரிமோட் கார். கார் இருக்கும் அட்டைப்பெட்டி அவன் மார்பளவு. விருந்தினர் பெட்டியை நீட்டினார், அவன் பிடித்தான், விருந்தினர் விடவில்லை. படம் எடுக்க வேண்டுமே. "இங்க பாரு தம்பி, சிரி" என்றார் போட்டோகிராபர். அவன் பெட்டியைப் பார்த்தான். "பெட்டிய பாக்காத, கேமராவப் பாரு." இரண்டு பேரும் பெட்டியின் இரு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மூன்றாவது பிளாஷுக்குப் பிறகுதான் கை விட்டார். பையன் அதற்குள் சிரித்திருந்தான். மறுநாள் அந்தச் சிரிப்புதான் வாட்ஸ்அப்பில் வந்தது.

'சிரித்தானே' என்று நாம் எடுத்துக்காட்டும் சாட்சி இதுதான். சிரிக்கச் சொன்னோம், சிரித்தான். பெட்டியில் 'பேட்டரி தனி' என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. காருக்கும் ரிமோட்டுக்குமாக அரை டஜன் பென்சில் செல்லாவது வேண்டும். முதல் செட்டை யாரோ வாங்கிக் கொடுத்தாலும் ஒரு வாரம் தாங்காது. அதற்கப்புறம் அந்தக் காரில் கயிறு கட்டி இழுத்துத்தான் ஓட்ட வேண்டும். கயிறு கட்டி இழுப்பதற்கு நுங்குக் கூந்தலில் செய்த வண்டியே போதும், அது இன்னும் நன்றாக ஓடும்.

சரி, படம் எடுப்பதில் சட்டம் என்ன சொல்கிறது? இளைஞர் நீதிச் சட்டம், 2015இன் 74ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டும் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் எந்த ஊடகத்திலும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு வக்கீல் குறுக்கே வந்து, "அது விசாரணை, சட்ட நடவடிக்கை தொடர்பான செய்திகளுக்குத்தானே?" என்று கேட்கலாம். கேட்கட்டும். பதிவு பெற்ற இல்லத்தில் இருக்கிற ஒவ்வொரு பிள்ளையும் குழந்தைகள் நலக் குழுவின் விசாரணைக்குப் பிறகு, அதன் உத்தரவின் பேரில்தான் அங்கே இருக்க வேண்டும். அந்த விசாரணைக்கு வெளியே 'இல்லத்துப் பிள்ளை' என்று ஒருவர் கிடையாது. போதாக்குறைக்கு, அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு குழந்தையின் கண்ணியத்தையும் அந்தரங்கத்தையும் அடிப்படைக் கோட்பாடுகளாகவே வைத்திருக்கிறது. மேடையில் நிற்கிற நம்மில் எத்தனை பேர் நம் சொந்தப் பிள்ளையின் படத்தை 'ஆதரவற்றவர்' என்ற தலைப்பின் கீழ் போட அனுமதிப்போம்? அந்தப் பிள்ளை நாளைக்கு வளர்ந்து கல்யாணம் பேசப் போகும்போதும் அந்தப் படம் இணையத்தில் கிடக்கும்.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு கசப்பான வரலாறும் உண்டு. 2007இல் மாமல்லபுரம் பக்கத்து இல்லங்களில் பிள்ளைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளாவது பற்றி வந்த ஒரு கட்டுரை, கடிதமாக உச்ச நீதிமன்றத்துக்குப் போய் வழக்காயிற்று. பத்து ஆண்டு கழித்து, 2017 மே 5 அன்று, நீதிபதி மதன் லோகுர் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. நாட்டின் எல்லாக் குழந்தைகள் இல்லங்களும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவாக வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிப் பராமரிப்புத் திட்டம் வேண்டும் என்றது. இல்லத்தில் சேர்ப்பதோடு நிற்காமல் தத்து, வளர்ப்புக் குடும்பம், நிதி ஆதரவு ஆகிய வழிகளையும் மெய்யாகவே பரிசீலிக்க வேண்டும் என்றும் சொன்னது. இல்லத்தின் வாசல் வெளியாட்களுக்குத் திறந்தே கிடப்பதில் என்ன ஆபத்து என்று தமிழ்நாட்டை வைத்தே நாடு கற்றுக்கொண்டது. நாம்தான் கற்கவில்லை. தீபாவளி வந்தால் பையோடு யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பிள்ளைகளோடு 'ஒரு நாள் கழிக்கலாம்' என்று நினைக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மேடையில் 'அனாதை' என்று அறிமுகப்படுத்தப்படும் பிள்ளைகளில் பலருக்குத் தாய் உண்டு. 'சேவ் த சில்ட்ரன்' அமைப்பு 2009இல் வெளியிட்ட அறிக்கையில், உலகெங்கும் இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் ஐந்துக்கு நான்கு பேருக்காவது பெற்றோரில் ஒருவர் உயிரோடு இருப்பதாகச் சொன்னது. காரணம் வறுமை. கணவனை இழந்தவள் சித்தாள் வேலைக்கோ செங்கல் சூளைக்கோ போகிறாள். பிள்ளையை வைத்துக்கொள்ள வழியில்லாமல் இல்லத்தில் விடுகிறாள். அவளுக்குக் கையில் கொஞ்சம் பணம் மாதாமாதம் வந்தால் பிள்ளை வீட்டிலேயே இருக்கும். இது கற்பனைத் திட்டம் அல்ல. மத்திய அரசின் 'மிஷன் வத்சல்யா'வில் இப்படிப்பட்ட பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. கிராமமானால் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது என்பது வரம்பு. மாநில அரசும் 2025 செப்டம்பரில் 'அன்புக் கரங்கள்' என்ற பெயரில் மாதம் 2,000 ரூபாய் வழங்கத் தொடங்கியது.

விழாவுக்கு வரும் புரவலர்களில் வக்கீல் இருக்கிறார், ஆடிட்டர் இருக்கிறார், டாக்டர் இருக்கிறார், தாசில்தார் அலுவலகத்தில் யாரை எப்போது பார்க்க வேண்டும் என்று தெரிந்தவரும் இருக்கிறார். கணவனின் இறப்புச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் வாங்கத் தெரியாமல் அலைகிற ஒரு பெண்ணோடு ஒரு நாள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வரைக்கும் போய்வர இவர்களில் ஒருவர் போதும். அந்த ஒரு நாளால் ஆண்டுக்கு 48,000 ரூபாய் ஒரு வீட்டுக்குப் போகும். எந்த மேடையிலாவது ஒரு பிள்ளைக்கு இவ்வளவு பெறுமானத்தில் பொம்மை கொடுத்திருக்கிறார்களா? ஆனால் இதில் படம் எடுக்க ஒன்றும் இல்லை. தாலுகா ஆபீஸ் பெஞ்சில் காத்திருப்பதைப் படமெடுத்து யார் போடுவார்?

இப்போது என் பக்கத்தில் நிற்பவர்கள் சிலரையும் மறுத்தாக வேண்டும். "சோறு இல்லாத பிள்ளைக்குப் பொம்மை எதற்கு? அந்தப் பணத்தில் அரிசி வாங்கிக் கொடுக்கலாமே" என்பார்கள். விழாக்காரர்களைவிட இவர்கள் பேச்சுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. ஏழைப் பிள்ளை என்றால் வயிறு மட்டும்தான் என்று நினைக்கிற பேச்சு இது. விளையாட்டு ஆடம்பரம் இல்லை. 1989இன் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆவது உறுப்பு விளையாட்டைக் குழந்தையின் உரிமை என்கிறது. இந்தியா 1992இல் அதை ஏற்றது. அதைவிடக் கிட்டத்தில் இருப்பது கல்வி உரிமைச் சட்டம், 2009. அதன் அட்டவணையைப் புரட்டிப் பாருங்கள். பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும், நூலகம் வேண்டும், ஒவ்வொரு வகுப்புக்கும் தேவைக்கேற்ப விளையாட்டுப் பொருட்கள் வழங்கப்பட வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கிறது. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டத்தின் அங்கன்வாடிகளில் முன்பருவக் கல்வி என்பதே விளையாட்டின் வழியாகத்தான். பொம்மை அந்தப் பிள்ளைக்கு வர வேண்டிய பாக்கி. பாக்கியைத் திருப்பித் தருகிறவருக்கு எந்த ஊரிலாவது பொன்னாடை போடுகிறார்களா?

அப்படியானால் அங்கன்வாடியில் பொம்மை இருக்கிறதா? இருக்கும். ஸ்டீல் பீரோவில் இருக்கும். மரக்கட்டைகள், படம் சேர்க்கும் புதிர்கள், வளையங்கள் எல்லாம் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அடுக்கியிருப்பதை நான் பார்த்த இடங்கள் உண்டு. சாவி டீச்சரிடம். அப்படியொரு மையத்தில் ஏன் என்று கேட்டதற்கு அந்த டீச்சர் சொன்னது: "ஒடஞ்சிபோனா நாந்தான் சார் பதில் சொல்லணும். இருப்புப் பதிவேட்டுல எழுதியிருக்கே. கொறஞ்சா எங்க போச்சின்னு கேப்பாங்க." அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உடைந்த கட்டைக்கு அவர் சம்பளத்தில் கை வைத்தால் யார் கேட்பது? பள்ளிகளில் நூலகப் புத்தகங்கள் இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடப்பதற்கும் இதே காரணம்தான்.

தனியார் கொடை நுழைய வேண்டிய இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். உடைவதற்கென்றே கொடுக்கும் பொம்மை. ஆண்டுக்கு ஒரு தடவை, எதுவெது உடைந்தது, எதுவெது தேய்ந்தது என்று டீச்சரிடம் பட்டியல் வாங்கி, கேள்வி கேட்காமல் புதிதாக வாங்கி வைத்துவிட்டுப் போவது. 'இத்தனை பொருள் உடைந்தால்தான் பிள்ளைகள் விளையாடினார்கள் என்று அர்த்தம்' என்று புரவலர்கள் சொல்லிவிட்டால் பீரோ தானாகத் திறக்கும். மும்பையில் 2004இல் தொடங்கிய 'டாய் பேங்க்' ஏறக்குறைய இந்த வழியில்தான் போயிற்று. நன்கொடையாக வந்த பொம்மைகளை வயதுவாரியாகப் பிரித்து, பள்ளிகளிலும் மையங்களிலும் பொம்மை நூலகங்களாக வைத்தார்கள். பொம்மை யாருக்கும் சொந்தமில்லை, எல்லோரும் விளையாடலாம். பல்லாங்குழிப் பலகை, தாயக் கட்டை, பம்பரம், கேரம் போர்டு, பந்து, ஸ்கிப்பிங் கயிறு: அங்கன்வாடிக்கும் தொடக்கப் பள்ளிக்கும் இவை போதும், இவற்றில் எதற்கும் பேட்டரி வேண்டாம். கடையில் வாங்கும் பொம்மையானால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். மொத்த விலையில் மூட்டையாக வருகிறவற்றில் பிய்ந்து வாயில் போகும் சின்னச் சின்னத் துண்டுகள் எத்தனை என்று எந்த விழாக் குழுவும் பார்த்ததாகத் தெரியவில்லை.

இனிமேல் சொல்லப்போவது அரியலூர்க்காரர்களுக்கு மட்டும் உரிய வாதம். கல்லங்குறிச்சி என்ற பெயரை இரண்டு தரப்பார் அறிவார்கள். பெருமாளைக் கும்பிடுகிறவர்கள் ஒரு தரப்பு. உலகெங்கும் உள்ள நிலவியல் அறிஞர்கள் மறு தரப்பு. கிரெட்டேசியஸ் காலத்தின் கடைசிக் கட்டத்தில், ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே இருந்த கடலின் அடியில் படிந்த சுண்ணாம்புப் பாறை அடுக்குக்கு 'கல்லங்குறிச்சிப் படிவம்' என்று அவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். கிரைஃபியா என்ற கடல் சிப்பியின் ஓடுகள் அதில் அப்பிக் கிடக்கின்றன. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் காட்டோடையில் பொறுக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளும் கல் சிப்பி டைனோசர் காலத்துச் சரக்கு. இவ்வளவு பழைய விளையாட்டுச் சாமான் வேறு எந்த மாவட்டத்துப் பிள்ளையிடம் இருக்கிறது! வாரணவாசியில் இதற்காக ஒரு புதைபடிவ அருங்காட்சியகமே இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளை ஒரு பஸ்ஸில் ஏற்றி அங்கே கூட்டிப்போய் வந்தால் ஒரு விழாவுக்குச் சமம்.

ஆனால் அந்தப் பாறை அடுக்கு பிள்ளைகள் பொறுக்குவதற்காகக் கிடக்கவில்லை. இந்த மாவட்டத்தின் சிமெண்ட் ஆலைகள் எல்லாம் இப்படிப்பட்ட சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் நிற்கின்றன. அரசின் டான்செம் ஆலை 1979இலேயே வந்துவிட்டது. சுரங்கப் பள்ளம், டிப்பர் லாரி, ரோட்டோர முந்திரி இலையில் படிந்த தூசி எல்லாம் இங்கே பிறந்த பிள்ளையின் அன்றாடம். இதற்கு ஈடாகச் சட்டம் ஒன்று செய்திருக்கிறது. கனிமச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தத்தின்படி, சுரங்கம் உள்ள மாவட்டங்களில் மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று ஒன்று இருக்க வேண்டும். குத்தகைக்காரர் அரசுக்குச் செலுத்தும் ராயல்டிக்கு மேலே, பழைய குத்தகையானால் அந்த ராயல்டியில் 30 விழுக்காடும் ஏலத்தில் எடுத்த குத்தகையானால் 10 விழுக்காடும் இந்த அறக்கட்டளைக்குக் கட்ட வேண்டும். அந்தப் பணம் சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கு. அதில் குறைந்தது 60 விழுக்காட்டைக் குடிநீர், சுகாதாரம், கல்வி, பெண்கள் குழந்தைகள் நலன் போன்றவற்றுக்கே செலவழிக்க வேண்டும் என்று 2015இன் வழிகாட்டுதல் சொன்னது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிமெண்டுக்கான சுண்ணாம்புக்கல்லுக்கு 2014இல் நிர்ணயித்த ராயல்டி டன்னுக்கு 80 ரூபாய். பழைய குத்தகையில் 30 விழுக்காடு என்றால் 24 ரூபாய். 20 டன் ஏற்றிய ஒரு டிப்பர் உங்களைத் தாண்டிப் போகும்போது 480 ரூபாய் இந்த மாவட்டத்து ஊர்களின் பெயரில் எழுதப்படுகிறது. விழாவில் தரும் சுமாரான பொம்மை இரண்டு வாங்கலாம். ஒரு நாளில் எத்தனை டிப்பர் போகிறது என்று திருச்சி ரோட்டிலோ ஜெயங்கொண்டம் ரோட்டிலோ டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எண்ணிக்கொள்ளுங்கள். இது தவிர, 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு இருக்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய கம்பெனிகள் தம் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும், தாம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும்.

ஆகவே இந்த மாவட்டத்தில் குழந்தைகள் நிதி என்று யாராவது அட்டைக் காசோலையை நீட்டும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'எவ்வளவு?' அல்ல. இது உங்கள் கையில் இருந்து வருகிறதா, சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டிய பணமா? இரண்டும் நல்லதே. ஆனால் இரண்டாவதுக்குக் கைதட்டக் கூடாது, ரசீது கொடுத்தால் போதும். கைதட்டப் பழகிய ஊர் கணக்குக் கேட்க மறந்துபோகும், விழாக்கள் செய்யும் பெரிய கெடுதி அதுதான். பொங்கலுக்கு ரேஷன் கடையில் வேட்டி சேலை வாங்குகிறோமே, அங்கே யாரும் நம் தோளில் கை போட்டுப் படம் எடுப்பதில்லை. அட்டையைக் காட்டுகிறோம், வாங்குகிறோம், தாமதமானால் கடைக்காரரைத் திட்டக்கூடச் செய்கிறோம். பிள்ளைக்குரிய பொம்மையும் அப்படித் திட்டிக் கேட்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும்.

"விழா வைக்காவிட்டால் பணம் சேராது ஐயா, நடைமுறை தெரியாமல் பேசுகிறீர்கள்" என்பது கடைசி வாதம். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மனிதனுக்குத் தன் பெயரை மைக்கில் கேட்க ஆசை. அதை நான் பாவமாக நினைக்கவில்லை. காமராஜர் காலத்துப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1958இல் கடம்பத்தூரில் தொடங்கியவை. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய், "உங்கள் பள்ளிக்கு என்ன குறை, அதை யார் தீர்ப்பீர்கள்?" என்று கேட்டார். ஒருவர் நிலம் கொடுத்தார், ஒருவர் ஓலைக் கொட்டகைக்கு ஓடு போட்டார், இன்னொருவர் பெஞ்சும் கடிகாரமும் மதிய உணவுக்குத் தட்டும் கொடுத்தார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு தொடங்கிய மதிய உணவே அரசுப் பங்கும் ஊரார் பங்குமாகத்தான் நடந்தது. மாநாட்டிலும் பந்தல் இருந்தது, மாலை இருந்தது, மந்திரிகள் வந்தார்கள், கொடுத்தவர் பெயர் ஊரறியச் சொல்லப்பட்டது. ஆனால் அந்தப் பெஞ்சு பள்ளியின் சொத்து. அதில் பணக்காரர் பிள்ளையும் உட்கார்ந்தது, கூலிக்காரர் பிள்ளையும் உட்கார்ந்தது. 'இவன்தான் ஏழை' என்று யாரையும் எழுப்பி நிறுத்தவில்லை. 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டமும் அந்த வழியில்தான் அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டுகிறது.

வெளிநாட்டிலிருந்துதான் இந்தப் பழக்கம் வந்தது என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். அதுவும் முழு உண்மையில்லை. அமெரிக்காவில் 1947இல் லாஸ் ஏஞ்சலிஸில் மரைன் படையின் ரிசர்வ் வீரர்கள் தொடங்கிய 'டாய்ஸ் ஃபார் டாட்ஸ்' இன்றும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பொம்மை திரட்டுகிறது. திரட்டுவதற்குப் பெட்டி வைக்கிறார்கள், விழாவும் வைக்கிறார்கள். ஆனால் பொம்மைகள் உள்ளூர்ச் சமூக அமைப்புகள் வழியாகக் குடும்பங்களுக்குப் போகின்றன. அங்குள்ள பல ஊர்களில் பெற்றோரே வந்து, கடையில் தேர்ந்தெடுப்பதுபோல் தம் பிள்ளைக்குப் பிடித்ததை எடுத்துப் போகிறார்கள். பண்டிகை நாள் காலையில் பிள்ளைக்குப் பொம்மை கொடுப்பது அதன் அப்பாவும் அம்மாவும்தான். புரவலர் யாரென்று பிள்ளைக்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. நாம் அவர்களிடமிருந்து மேடையை எடுத்துக்கொண்டோம், இதை விட்டுவிட்டோம். பிள்ளையின் கண்ணெதிரே, அதன் தாயால் முடியாததைத் தன்னால் முடியும் என்று ஒரு அன்னியர் காட்டும் காரியத்தை நம்மால் எப்படித் தொடர்ந்து தர்மம் என்று அழைக்க முடிகிறது?

ஆகவே விழா வையுங்கள். மாலை போட்டுக்கொள்ளுங்கள், பெயரை இரண்டு தடவை மைக்கில் சொல்லுங்கள், விளையாட்டு அறைச் சுவரில் உபயம் என்று எழுதியும் வையுங்கள். பிள்ளைகளை மட்டும் அழைத்துவராதீர்கள். சேர்ந்த பொம்மையை அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் அனுப்புங்கள். புத்தாடை என்றால் தாயின் கையில் கொடுங்கள். இல்லங்களுக்கு நிதி தருவதென்றால் முதலில் 41ஆம் பிரிவின் கீழ் பெற்ற பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளையைக் காட்டச் சொல்லாதீர்கள்.

விழா அழைப்பிதழ் கிடைக்காத மற்றவர்களுக்கும் வேலை இருக்கிறது. தீபாவளிக்கு முன்னோ பின்னோ, நவம்பர் 1 அன்று உள்ளாட்சி நாள் கிராமசபை கூடும். அங்கே ஒரு தாளில் இரண்டே வரி எழுதிக் கொடுங்கள். ஒன்று: நம் ஊர் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் உள்ள விளையாட்டுப் பொருட்களின் பட்டியலை வாசிக்க வேண்டும். இரண்டு: மாவட்டக் கனிம அறக்கட்டளையிலிருந்து நம் ஊருக்கு இந்த ஆண்டு வந்தது எவ்வளவு, அதில் குழந்தைகளுக்குச் செலவானது எவ்வளவு என்று சொல்ல வேண்டும். அறக்கட்டளை தன் கணக்கை இணையத்தில் வெளியிட வேண்டும் என்பது விதி. பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்து, கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.